நீலம் இரண்டு நூல் குறைவு

1

இது எனக்குத் தானாகத் தோன்றிய கதை இல்லை. அக்காவிடம் கேட்டு வாங்கியது. அவள் முதலில் எழுது என்றாள், பிறகு எழுதாதே என்றாள், கடைசியில் ஒரு நிபந்தனை போட்டு எழுதிக்கொள் என்றாள். நிபந்தனை என்ன என்பதை முடிவில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

ஆரம்பம் இப்படி. ஆசிரியர்களுக்காக வெளிவரும் ஒரு மாத இதழிலிருந்து போன வாரம் போன் வந்தது. "சமான பின்னத்தை விளையாட்டா சொல்லித் தர்ற மாதிரி ஒரு கதை வேணும் சார். ஜாலியா இருக்கட்டும். கடைசியில குழந்தைக்குப் புரிஞ்சுடணும்" என்றார் இதழை நடத்துபவர். கடைசியில் குழந்தைக்குப் புரிந்துவிட வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். எழுதுகிறவனுக்கே புரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, "ஆகட்டும் சார்" என்றேன்.

பின்னத்துக்கும் எனக்கும் நான்காம் வகுப்பிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு. வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அன்று மாலை உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

ஒரு ஊரில் ஒரு முழு எண் இருந்தது. அதற்கு ரொம்பத் திமிர். ஒரு நாள் அது

(வேண்டாம். எண்ணுக்குக் கை கால் முளைத்தால் குழந்தைகளே நம்பமாட்டார்கள்.)

பிறந்த நாள் கேக்கை அம்மா எட்டுத் துண்டாக வெட்டியபோது

(இதுவும் வேண்டாம். பின்னம் என்றதும் உலகத்தில் எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு கேக்கிடம்தான் ஓடுகிறார்கள்.)

அதற்கு மேல் நகரவில்லை. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். அன்று புதன்கிழமை.

2

அக்கா பத்தொன்பது வருடமாக நான்காம் வகுப்பு டீச்சர். தப்பு அவளுக்குப் பிடிக்காது. சின்ன வயதில் என் கணக்கு நோட்டில் நான் போட்ட சரியான விடையைக்கூட அழித்துவிட்டு, அதே விடையை நல்ல கையெழுத்தில் திரும்ப எழுதி வைப்பாள். அவள் எழுதினால்தான் அது சரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் நோட்டு பார்க்க அழகாக இருந்தது.

பின்னத்துக்காக அவள் ஒரு விளையாட்டை உண்டாக்கியிருந்தாள். பெயர் போர்வை ஆட்டம். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் கெட்டிக் காகிதத்தில் ஒரு சிவப்புப் பட்டை, பதினாறு அங்குல நீளம். அதுதான் கட்டில். அதே நீளமுள்ள நீலப் பட்டையை இரண்டாகவும், மஞ்சளை நான்காகவும், பச்சையை எட்டாகவும் மடித்து வெட்டிய துண்டுகள்தான் போர்வை. ஒரு மரக்கட்டையின் ஆறு முகத்திலும் சீட்டு ஒட்டியிருக்கும்: ஒன்றில் அரை, இரண்டில் கால், இரண்டில் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, மிச்சம் ஒன்றில் "மாற்று". கட்டையை உருட்டி, விழுந்த துண்டை எடுத்துக் கட்டிலின் மேல் போர்த்த வேண்டும். முதலில் முழுசாக மூடுகிறவருக்கு ஜெயம்.

(இந்த இடத்தில் போர்வைக்கு வெளியே கால் தெரிவதை வைத்து ஒரு சிலேடை எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அக்கா பென்சிலால் அடித்து, ஓரத்தில் "வேண்டாம்" என்று எழுதிவிட்டாள். நல்ல சிலேடை. போகட்டும்.)

ஆட்டத்தின் உயிரே அந்த "மாற்று"தான். அது விழுந்தால் கையிலிருப்பதைக் கொடுத்து அதற்குச் சமமான வேறு துண்டை வாங்க வேண்டும். இரண்டு பச்சைக்கு ஒரு மஞ்சள். இரண்டு மஞ்சளுக்கு ஒரு நீலம். நான்கு பச்சையையும் ஒரே மூச்சில் கொடுத்து நீலம் வாங்குகிற கில்லாடிகளும் உண்டு. இப்படி நூறு தடவை மாற்றினால், எட்டில் நான்கும் நான்கில் இரண்டும் இரண்டில் ஒன்றும் ஒரே ஆசாமிதான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறார் என்பது விரலுக்கே தெரிந்துவிடும். விரலுக்குத் தெரிந்ததைத் தலை மறுக்காது என்பது அக்காவின் கட்சி.

மூன்று வாரம் ஓடியது. பிள்ளைகள் இடைவேளையிலும் உட்கார்ந்து விளையாடினார்கள். காய்ச்சலில் படுத்த ஒருவன் அம்மாவிடம் கட்டையை வாங்கிவரச் சொல்லி அழுதானாம். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"முப்பத்தோரு பேருக்குச் சமான பின்னம் தண்ணி பட்ட பாடு. ஒருத்திக்கு மட்டும்தான் ஏற மாட்டேங்குது" என்றாள் போனில். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கதைக்கு ஆள் கிடைத்துவிட்டாள் என்று நானும் சிரித்தேன்.

3

அந்த ஒருத்திக்கு வகுப்பில் "நிதானம்" என்று பெயர். பென்சில் சீவினால் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பாள். எல்லோரும் நோட்டை மூடும்போது இவள் ஓரம் போட்டுக்கொண்டிருப்பாள். அவளை வைத்து வியாழக்கிழமை நான் எழுதிய முதல் வரைவை அப்படியே கீழே தருகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தருகிறேன்.

"மாற்று" விழுந்தது! நிதானம் இரண்டு பச்சையைக் கொடுத்து ஒரு மஞ்சளை வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது அவளிடம் இரண்டு மஞ்சள். அடுத்த சுற்றிலும் "மாற்று"! டீச்சர் சிரித்தபடி ஒரு நீலத்தை நீட்டினார். நிதானம் மஞ்சள் துண்டுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "மாட்டேன் டீச்சர். எனக்கு நஷ்டம்!" வகுப்பே கொல்லென்று சிரித்தது. பாவம், இரண்டு துண்டு என்றால் ஒன்றைவிடப் பெரிது என்று நினைத்துவிட்டாள் அந்தச் சிறுமி! டீச்சர் பொறுமையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி மறுபடி விளக்கினார். திடீரென்று அவள் கண்கள் மின்னின. "டீச்சர், புரிஞ்சுடுச்சு! ரெண்டும் சமம்!" என்று துள்ளிக் குதித்தாள்.

இதை அக்காவுக்கு அனுப்பினேன். "சூப்பர்டா. டீச்சர் பொறுமையா விளக்கினார்னு போட்டிருக்கியே, அது நல்லா இருக்கு" என்று பதில் வந்தது.

நிஜத்தில் நிதானம் துள்ளவும் இல்லை, குதிக்கவும் இல்லை. அக்கா சொன்னதில் எனக்கு வசதிப்படாதவற்றை நான் விட்டுவிட்டேன். அவற்றை இங்கே வைக்கிறேன்.

ஆட்டம் தொடங்கிய அன்றே நிதானம் கட்டிலின் மேல் இரண்டு நீலத்தைப் போட்டுவிட்டு, "மூடல டீச்சர்" என்றாள். அக்கா வேறு பெஞ்சில் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் நகர்த்தி வை, மூடிடும்" என்றாள்.

அன்றிலிருந்து நிதானம் நீலத்தைத் தொடவில்லை. அரை விழுந்தாலும் இரண்டு மஞ்சளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு பரீட்சை வந்தது. "நான்கில் இரண்டும் இரண்டில் ஒன்றும் சமம். சரியா, தவறா?" என்ற கேள்விக்கு நிதானம் சரி என்றும் போடவில்லை, தவறு என்றும் போடவில்லை. கோடு போட்ட இடத்தில், "பார்த்தாத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தாள்.

புதன்கிழமை காலை அக்கா அந்தத் தாளை வகுப்பில் வாசித்துக் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நிதானத்தை எழுப்பி நிற்க வைத்து, "எல்லாரும் இவளுக்குச் சொல்லுங்க, ரெண்டும் என்ன?" என்று கேட்டாள். முப்பத்தோரு குரல், "சமம்!" என்று கத்தியது. "இப்போ நீ சொல்லு" என்றாள் அக்கா. நிதானம் வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய மதிப்பெண் அட்டையில் அக்கா சிவப்பு மையில் எழுதினாள்: "சமம் என்பது இன்னும் புரியவில்லை. திங்கள் முதல் விளையாட்டு நேரத்தில் துணை வகுப்பு." வெள்ளிக்கிழமை அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கதைக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஜாலியாக இருக்க வேண்டும் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்.

4

வெள்ளிக்கிழமை மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு நிதானத்தின் அப்பா வந்தார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டித் தருகிற கடை அவருடையது. விரல்களில் இரண்டு மூன்று இடத்தில் பிளாஸ்திரி. அக்கா நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், மேசையோரம் நின்றார். நிதானம் பையை மாட்டியபடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

அக்கா பேசத் தொடங்குவதற்குள் அவரே ஆரம்பித்தார். "நானும் நேத்து நல்லா திட்டிட்டேன் டீச்சர். டீச்சர் சமம்னு சொன்னா சமம்தான், நீ யாரு அதை அளந்து பார்க்கிறதுக்குன்னு கேட்டேன். வாயே திறக்கல. சின்னதிலேருந்தே இவ இப்படித்தான், சட்டுனு எதையும் ஒத்துக்க மாட்டா."

"கோவிச்சுக்காதீங்க. குழந்தைதானே" என்றாள் அக்கா. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பெற்றவர்கள் சண்டைக்கு வருவதுதான் வழக்கம். இவர் தன் பக்கம் நின்று பேசுகிறார். "இருங்க, விளையாட்டை உங்களுக்கே காட்டுறேன். வீட்டுல நீங்களும் சொல்லிக் கொடுக்கலாம்."

துண்டுகளை மேசையில் பரப்பி, இது அரை, இது கால் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கை மட்டும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு துண்டு கையில் கிடைத்தால் ஒன்றோடொன்று சேர்த்து, மேசையில் விளிம்பைத் தட்டி நேராக்கிவிடுவார்கள். கதவு மூடுகிறபோது கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடுமே, அந்த மாதிரி. அவர் இரண்டு மஞ்சளை முனையோடு முனை சேர்த்து ஒரு நீலத்தின் மேல் வைத்து, பக்கவாட்டில் திருப்பித் தட்டினார்.

தட்டிவிட்டுப் பார்த்தார். மறுபடி தட்டினார். நீலத்தை மாற்றி வேறு நீலம் எடுத்தார். மூன்றாவது தடவையாகத் தட்டினார். அப்போது அவர் முகத்தில் இருந்தது, தான் பார்த்தது தப்பாக இருக்க வேண்டுமே என்கிற கவலை. அக்காவே இதைச் சொன்னாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர்" என்று குரலை இறக்கினார். "நீலம் ரெண்டு நூல் கம்மி."

நூல் என்பது அவர் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அக்காவுக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் உதவிக்கு வந்தார்: "கால் அங்குலம் டீச்சர். ரெண்டு நூல்னாலும் கால் அங்குலம்னாலும் ஒண்ணுதானே."

(எட்டில் இரண்டும் நான்கில் ஒன்றும் சமம். அந்த அறையில் அன்று பாடத்தைச் சரியாகச் சொன்னவர் அவர்தான். ஏற்கனவே அவருக்கு இருந்த சங்கடம் போதும் என்பதால் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.)

அவரே அவசரமாகப் பின்வாங்கினார். "பேப்பர்தானே டீச்சர். பேப்பர்ல ரெண்டு நூல் எல்லாம் ஒரு விஷயமா. கண்ணாடியா இருந்தா சட்டத்துல நிக்காது, அதான் கை பார்த்துடுச்சு."

அக்கா நிமிர்ந்தாள். வாசலில் நிதானம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. பென்சில் முனையைப் பார்க்கிற அதே பார்வை.

"ஆமா, பேப்பர்தானே" என்றாள் அக்கா.

துண்டுகளை வாரி டப்பாவில் போட்டு மூடினாள். அட்டையை எடுத்து நீட்டினாள். "சமம் என்பது இன்னும் புரியவில்லை" என்ற வரிக்குக் கீழே நிதானத்தின் அப்பா கையெழுத்துப் போட்டார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் அடிக்கோலை எடுத்து அறுபத்து நான்கு நீலத் துண்டையும் அளந்தாள். எட்டு அங்குலம் இருக்க வேண்டியவை எல்லாம் ஏழேமுக்கால். அப்போதுதான் நினைவு வந்தது. நீலத் தாள் மட்டும் புதிதாக வாங்கியது இல்லை. போன வருடம் அறிவிப்புப் பலகையைச் சுற்றி ஒட்டியிருந்தது. வீணாகப் போகிறதே என்று எடுத்து, ஊசி குத்திக் கிழிந்த ஓரத்தை அரை அங்குலம் நறுக்கிவிட்டு, பட்டை போட்டாள். மடித்து வெட்டினால் பாதி சரிபாதியாகத்தான் வரும் என்பது அவள் நம்பிக்கை. சரிபாதியாகத்தான் வந்தது. குட்டையான ஒன்றின் சரிபாதி.

சிக்கனம் பார்த்து, சுத்தமாக நறுக்கி, ஒழுங்காக மடித்து ஒரு தப்பைச் செய்ய என் அக்காவால்தான் முடியும்.

5

"நீ எழுதினதைக் கிழிச்சுப் போடு" என்றாள் அக்கா, அன்று ராத்திரி போனில். "பத்திரிகைக்கு எதுவும் எழுதாத."

"என்னக்கா ஆச்சு?"

ஆனதையெல்லாம் சொன்னாள். பிறகு, "அவளுக்குத்தான் புரியலைன்னு நான் எழுதி, அவங்க அப்பாவையே கையெழுத்துப் போட வச்சுட்டேன்டா" என்றாள்.

போனை வைத்துவிட்டு என் முதல் வரைவை எடுத்துப் படித்தேன். எனக்குச் சுரீரென்றது. நீங்களும் ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள். நிதானம் இரண்டு பச்சையைக் கொடுத்து ஒரு மஞ்சளை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறாள். அது அக்கா சொன்னதை அப்படியே எழுதியது. இரண்டு என்றால் ஒன்றைவிடப் பெரிது என்று நினைக்கிற பெண் அதை எப்படி வாங்குவாள்? அவள் தகராறு செய்தது நீலத்தோடு மட்டும். என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அக்கா படித்தாள், அவளுக்கும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று தைரியமாக நினைத்துக்கொள்கிறேன். (அங்கேயே கண்டுபிடித்திருந்தால் மன்னியுங்கள். நீங்கள் கண்ணாடிக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம்.)

அவளை மக்கு என்று எழுதியதற்குப் பரிகாரமாக உடனே இன்னொரு வரைவு போட்டேன். அதில் நிதானம் ஒரு பெரிய மேதை. பிற்காலத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில்

அக்காவிடம் படித்துக் காட்டியதும் பாதியிலேயே நிறுத்தினாள். "அவ மேதை எல்லாம் கிடையாது. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தகராறு. உள்ளதைப் பார்த்தா, உள்ளதைச் சொன்னா. அதுக்கு எதுக்குடா வெளிநாடு?"

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி. "திங்கட்கிழமை நான் என்ன செய்யணும்னு எழுதிக் கொடு. கதைக்கு முடிவு எழுதுறவன்தானே நீ."

6

எழுதினேன். மூன்று முடிவு.

(அ) திங்கட்கிழமை. வகுப்பு முழுவதும் அமைதி. டீச்சர் கரும்பலகை முன் நின்று, கண்ணில் நீர் தளும்ப, "குழந்தைகளே, இன்று நீங்கள் எனக்கு ஆசிரியர், நான் உங்கள் மாணவி" என்றார். முப்பத்திரண்டு குழந்தைகளும் எழுந்து நின்று கை தட்ட

"ஐயோ" என்றாள் அக்கா. "நான் என்ன ஆண்டு விழாவிலயா நிக்கிறேன்? இப்படிப் பேசினா பசங்க பயந்து போய் ஆயாவைக் கூட்டிட்டு வந்துடுவாங்க."

(ஆ) டீச்சர் யாருக்கும் தெரியாமல் நீலத் துண்டுகளை மாற்றிவிடுகிறார். புது நீலம் சரியாகப் பொருந்துகிறது. நிதானம் வாங்கிக்கொள்கிறாள். "பார்த்தியா, புரிஞ்சுடுச்சு" என்று டீச்சர் சொல்ல, துணை வகுப்பு ரத்தாகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இதை அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நடக்கக்கூடிய முடிவு இதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இதழ்காரர் கேட்டபடி கடைசியில் குழந்தைக்குப் புரிந்தும் விடுகிறது. ஒரு சின்னத் தொந்தரவுதான். நீலம் வளர்ந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நிதானம். அவள் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். டீச்சரையும் பார்ப்பாள். எதுவும் சொல்லமாட்டாள். ஆயுசுக்கும் சொல்லமாட்டாள்.

"இது வேண்டாம்டா" என்றாள் அக்கா, மெதுவாக.

(இ) டீச்சர் நிதானத்தைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்வாரத்தில் வைத்து, தப்பு தன்னுடையது என்று

"இதை யோசிக்கிறேன்" என்றாள்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கையில் புது நீலத் தாள், அடிக்கோல், கத்தரிக்கோல், பழைய துண்டுகள் இருந்த டப்பா, அந்த மதிப்பெண் அட்டை. பெற்றோர் கையெழுத்தான அட்டைகள் டீச்சரிடம்தான் இருக்குமாம். தரையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தோம். நான் வெட்டிய முதல் மூன்றை அவள் வாங்கி அளந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அதன் பிறகு எனக்கு எடுத்துக் கொடுக்கிற வேலைதான்.

"நான் நிதானமா உட்காருறேன். சொல்லிப் பாரு" என்றேன்.

"நீ எப்படி அவளா இருக்க முடியும்? அவ பேசவே மாட்டா. நீ வாயை மூடினதே கிடையாது."

"மூடுறேன்."

குட்டி முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "கண்ணு, போன வாரம் ஒரு சின்ன தப்பு"

"சின்னன்னு சொல்லாத."

"பேச மாட்டேன்னியே!"

மறுபடி ஆரம்பித்தாள். அறிவிப்புப் பலகையைப் பற்றிச் சொன்னாள். ஊசி குத்தினால் தாள் எப்படிக் கிழியும் என்று சொன்னாள். கடையில் நீலம் இல்லாததைச் சொன்னாள். காகிதம் வீணாவது நல்லதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஐந்து நிமிடத்தில் இது ஒரு பாடமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் வீட்டுப் பாடம் கொடுத்திருப்பாள். என்னால் முடியவில்லை. குரலைச் சின்னதாக்கிக்கொண்டு கேட்டேன்:

"அப்போ எனக்குப் புரிஞ்சிருந்துச்சா டீச்சர்?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அக்காவின் கை நின்றது. கத்தரிக்கோல் பாதித் தாளில் நின்றுவிட்டது.

"புரிஞ்சிருந்துச்சு" என்றாள். "மொதல் நாளே புரிஞ்சிருந்துச்சு. மூடலைன்னு நீ சொன்னே. நான் திரும்பிக்கூடப் பார்க்காம நகர்த்தி வைன்னு சொல்லிட்டு, அப்புறம் எல்லார் முன்னாடியும் உன்னை"

அக்கா அழுதாள். என் நோட்டில் சரியான விடையை அழித்துத் திரும்ப எழுதிய அக்கா, தரை முழுக்க நீலத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுததைப் பார்க்க எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. முக்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையைக் கையில் எடுத்தாள். "இதை அடிக்கணும். அடிச்சா அடிச்சது தெரியும். பத்தொன்பது வருஷத்துல நான் கார்டுல ஒரு அடித்தல் போட்டதில்ல."

"தெரிஞ்சா தெரியட்டுமே."

"தாழ்வாரத்துல தனியா சொல்றதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன். ஆனா முப்பத்தோரு பேர் முன்னாடி அவளை நிக்க வச்சேன். ஒருத்திகிட்ட ரகசியமா சொன்னா, அதுவும் இதுவும் சமமாடா?"

"கணக்கு டீச்சர் நீ. என்னைக் கேக்குற."

அக்கா ஒரு நீலத்தை எடுத்து இரண்டு மஞ்சளோடு சேர்த்துத் தட்டினாள். பொருந்தியது. அதைப் பார்த்துக்கொண்டே, "பார்த்தாத்தான் தெரியும்" என்றாள்.

கிளம்பும்போது இந்தப் பக்கங்களை, அதாவது ஆறாவது எண் வரை நான் எழுதி வைத்திருந்ததை, நின்றபடியே படித்தாள். சிலேடையை அடித்ததும் அப்போதுதான். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதிக்கோ. பத்திரிகைக்கும் அனுப்பிக்கோ. முடிவை மட்டும் எழுதாத."

"ஏன்?"

"அது என்னோடது."

நிபந்தனை அதுதான்.

8

இன்று திங்கட்கிழமை. இப்போது மணி பத்தே கால். பத்து இருபதுக்குக் கணக்குப் பாடம். அக்கா இந்நேரம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்பாள். கார்டு எந்தக் கையில் இருக்கிறது, சிவப்புப் பேனாவை எடுத்துப் போனாளா, தாழ்வாரத்தில் நின்று ஒருத்தியைக் கூப்பிடுவாளா, நேரே உள்ளே போய்விடுவாளா, எனக்குத் தெரியாது. நிதானம் என்ன செய்வாள் என்பது அதைவிடத் தெரியாது. மன்னித்துவிட்டாள் என்று எழுத விரல் துடிக்கிறது. அவள் அப்படி எதையும் சட்டென்று ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று அவள் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் அக்கா போன் செய்வாள். எடுத்துவிட்டால் எனக்கு முடிவு தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுதாமல் இருக்கிற ஒழுக்கம் என்னிடம் கிடையாது. அதனால் அதற்குள் இந்தக் கதையை மடித்து உறையில் போட்டு அனுப்பிவிடப் போகிறேன். இதழ்காரருக்கு ஒரு வரி: ஐயா, கடைசியில் குழந்தைக்குப் புரியவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். குழந்தைக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. மன்னிக்கவும்.

அக்கா தடுத்தது என்னைத்தான், உங்களை இல்லை. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். முடிவை நீங்கள் எழுதுங்கள். வகுப்பிலா தாழ்வாரத்திலா, அட்டையில் அடித்தலா புது அட்டையா, எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். என் மேசையில் பழைய நீலத் துண்டு ஒன்று கிடக்கிறது. அக்கா விட்டுப் போனது. மறந்து விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கேட்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். எழுதி முடித்ததும், நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து முப்பத்தோரு குரல் "சமம்" என்று கத்தியதை ஒரு பக்கமும், உங்கள் முடிவை இன்னொரு பக்கமும் சேர்த்து வைத்து, விளிம்பை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

இரண்டு நூல் குறைந்தால், தயவுசெய்து, நகர்த்தி வைக்காதீர்கள்.